இருபத்து மூன்றாவது வீடு

கோவில்பட்டியில் தாமதத்துக்கு ஒரே காரணம்தான் உண்டு. "கேட் போட்டுட்டான்." பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனாலும் அதுதான்; பெண் பார்க்க வந்தவர்கள் ராகுகாலத்தில் வாசல் மிதித்துவிட்டாலும் அதுதான். ஊரின் நடுவே தண்டவாளம். அதன் பக்கத்தில் ரோட்டை மறித்து இறங்கும் சிவப்பு வெள்ளைக் கட்டை. கட்டைக்கு இருபுறமும் கழுகுமலை பஸ், லாரி, தீப்பெட்டி ஆபீஸ் வேன், ஆட்டுமந்தை, வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகள். பத்து நிமிஷம். ரயில் போனதும் அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பும். கேட் போட்டுவிட்டான் என்று சொன்னவரிடம் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்பதில்லை.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்திய ஒரு மே மாதம். பன்னிரண்டு நாள் லீவில் நானும் கணவரும் புனேயிலிருந்து வந்து இறங்கியபோது அந்தக் கேட்டை ஒரேயடியாக மூடியிருந்தார்கள். சுரங்கப்பாதை வெட்டுகிறார்கள். ரோட்டைக் கிழித்து ஓராள் ஆழத்துக்கு மேல் பள்ளம். வெட்டிப் போட்ட கரிசல் மண் இரண்டு பக்கமும் எள்ளுப் பிண்ணாக்கைக் குவித்த மாதிரிக் கிடந்தது. வண்டிகள் எல்லாம் பைபாஸ் ஏறி, வெளியே பருத்திக் காடுகளுக்குள் சுற்றி, ஊரின் மறுபக்கம் வந்து இறங்க வேண்டும். கழுகுமலை பஸ் அந்தப் பக்கமே நின்று திரும்பிப் போய்விடும். எட்டயபுரம் ரோட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. அவர்கள் இந்தப் பக்கம்.

வண்டி வராத ரோட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சும்மா இருக்கத் தெரியவில்லை அதற்கு. தார் மேல் மிளகாய் வத்தல் காய்ந்தது. டீக்கடை பெஞ்சு நகர்ந்து நகர்ந்து நடு ரோட்டுக்கு வந்திருந்தது. வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு கிடாய் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர் யாராவது வழி கேட்டால், "நேராப் போங்க, கேட்டத் தாண்டினா ரெண்டாவது தெரு" என்று பழைய வழியையே சொல்வார்கள். சொல்லிவிட்டு, "ஆனா போக முடியாது" என்பார்கள். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். சிரிக்கத் தகுதியில்லாதவள் என்பது மறுநாள் தெரிந்தது.

தங்கைக்கு வைகாசியில் கல்யாணம். அப்பா தவறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பத்திரிகை வைக்கிற வெற்றிலைத் தட்டை அம்மா தொடமாட்டாள். தொடாதே என்று யாரும் சொல்லவில்லை; அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். அதில் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தை ஒவ்வொரு லீவிலும் ஊருக்குக் கொண்டுவருவேன், பெட்டியை விட்டு எடுக்காமலே திரும்பக் கொண்டுபோவேன். ஆக, பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக வீடு வீடாகப் போய் அழைக்கிற வேலை எனக்கும் கணவருக்கும் வந்தது. மொத்தம் நாற்பத்தொரு வீடு.

அவர் சென்னைக்காரர். புனேயில் ஒரு கம்பெனியில் எந்த லாரி எந்த வழியில் போனால் டீசல் மிச்சம் என்று பார்ப்பது அவர் வேலை. வந்த அன்றைக்கே அம்மாவிடம் பெயர்களைக் கேட்டு ஒரு தாளில் ஊரை வரைந்துவிட்டார். நடுவில் தண்டவாளம். இந்தப் பக்கம் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை. அந்தப் பக்கம் இருபத்து மூன்று முதல் நாற்பத்தொன்று. இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்குச் சுற்றிப்போய் அந்தப் பக்கம். ஒரு தெருவுக்கு இரண்டு தடவை போக வேண்டியதில்லை. தாளைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் பத்திரிகை சாமிக்கு. அது ஒழுங்காக நடந்தது. அடுத்தது அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அன்று காலை கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது அத்தை முகம் மனசில் வந்து நின்றது. கேட் மூடியிருக்கிறது, நாளைக்குத்தானே போகப்போகிறோம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அத்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் இருபத்திரண்டு வீடும் முடிந்தது. அவர் தாளில் இருபத்திரண்டாவது பெயரை அடித்துவிட்டு, "உங்க ஊர்ல இவ்ளோ சீக்கிரம் யாராவது பத்திரிகை வெச்சிருப்பாங்களா?" என்றார். அப்போது போன் அடித்தது. இந்தப் பக்கத்துச் சித்தி. காலையில் ஒன்பதாவதாக நாங்கள் அழைத்துவிட்டு வந்த வீடு. அம்மா எடுத்தாள்.

"சொல்லு பிள்ள... ஆமா, வந்தாவளா... சரி... யாருகிட்ட கேட்ட?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க அத்தைக்கு வைக்கலையா?"

"நாளைக்கும்மா. கேட்டுக்கு அங்கிட்டு எல்லாருக்கும் நாளைக்கு."

"சித்தி உங்க அத்தைக்குப் போன் போட்டு, மதினி, பத்திரிகை நல்லாருக்கு பாத்தியளான்னு கேட்டிருக்கா. அவ, எனக்கு இன்னும் வரலன்னு சொல்லிட்டு வச்சிட்டாளாம்."

தண்டவாளத்துக்குக் கேட் போடலாம். போனுக்கு என்ன போடுவது? அம்மா என்னைத் திட்டவில்லை. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து, வெண்டைக்காயைக் கையில் எடுத்து, நறுக்காமல் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்தக்கால் நடவேண்டும். அந்தக் கம்புக்கு முதல் மஞ்சள் பூசுவது எங்கள் வீட்டில் அத்தைதான். என் கல்யாணத்துக்கு அவள்தான் பூசினாள்.

"அப்பா பக்கத்துல முன்ன நிக்க அவ ஒருத்திதாம் இருக்கா," என்றாள் அம்மா. "அவ வரலன்னா நான் கால் நடமாட்டேன்."

மறுநாள் காலை ஆட்டோ. ஆட்டோக்காரருக்கு அந்த மாதம் ராஜ வாழ்வு. பைபாஸ் ஏறும்போதே பேச ஆரம்பித்தார். "கேட்ட மூடுனதுல இருந்து நம்ம ஊரு பெரிய ஊராயிட்டு, தெரியுமா? முன்ன எல்லாம் ஒரு பீடி முடியறதுக்குள்ள ஊரு முடிஞ்சிரும். இப்பம் பாருங்க, இன்னும் பாதி வழி வரல." இரண்டு பக்கமும் பருத்தி மார் பிடுங்கிய காடு. வெயிலில் கரிசல் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் ஒரு குளுமை இருக்கும், சின்ன வயசில் அதற்குள் கையை விட்டுப் பார்ப்போம். மடியில் தட்டு. தட்டில் குங்குமச் சிமிழ், சந்தனம், வெற்றிலை, வாழைப்பழம். குழியில் ஆட்டோ இறங்கி ஏறும்போதெல்லாம் குங்குமம் பத்திரிகை மேல் சிந்தியது. ஊதி ஊதித் துடைத்தேன். முக்கால் மணி நேரம் சுற்றி, எங்கள் மாடியிலிருந்து தெரியும் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் கீழே போய் இறங்கினோம்.

அத்தையின் வீட்டுக்காரர், மாமா, வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ள. எப்படி வந்திய, பைபாஸ் வழியாவா? ஏன், கண்மாய்க்கரை வழியா வந்திருக்கலாம்லா, பாதி தூரம்."

"ஆட்டோக்காரர் அந்த வழிய சொல்லவே இல்ல மாமா."

"அவன் எப்படிச் சொல்லுவான்?"

அத்தை அடுக்களையிலிருந்து வந்தாள். "வாங்க," என்றாள். என்னையும் சேர்த்துத்தான். அத்தை வாயிலிருந்து எனக்கு 'வாட்டி' தவிர வேறு சொல் வந்ததில்லை.

நாங்கள் இருவரும் தட்டை நீட்டினோம். "அத்தை, நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்," என்றேன். மற்ற வீடுகளில் 'வந்துரணும்' என்று சொன்னதை இங்கே மாற்றிச் சொன்னேன். அத்தை கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த மிஷின் மேல வைங்க."

சுவரோரம் தையல் மிஷின். தட்டில் இருந்ததை அதன் பலகை மேல் எடுத்து வைத்தேன்.

"நாங்க எத்தனாவது வீடு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்துவிட்டார். "இருபத்து மூணு, அத்தை."

"இருபத்து மூணு," என்றாள் அத்தை. "பரவால்ல. நாப்பத்தொண்ணுல வைக்காமப் போனியளே."

"அத்தை, கேட் போட்டதுனாலதான்..."

"கேட்டு போட்ட பொறவுதான புனாவுல இருந்து வந்து சேந்திருக்க? அம்புட்டுத் தூரம் வரதுக்கு வழி இருந்திருக்கு. இங்கன வரத்தான் வழி இல்லாமப் போச்சு."

"இல்லட்டி, பைபாஸ் சுத்திக்கிட்டு வரணும்னா..." என்று மாமா ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. வழி பேசுதாரு."

காப்பி வந்தது. எங்கள் ஊரில் கோபத்தில் காப்பி நிற்காது. சீனி மட்டும் குறையும். குடித்து முடித்து, வெள்ளிக்கிழமை முகூர்த்தக்காலுக்கு வந்துவிடுவீர்கள் இல்லையா என்று கேட்டேன்.

"பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் எங்கள் பக்கம் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். எழுந்தோம். செருப்பை மாட்டும்போது அத்தை பின்னாலேயே வந்தாள். "அடுத்தாப்ல எங்க?"

கணவர் தாளைப் பார்த்து, பக்கத்துத் தெருவில் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் வீட்டைச் சொன்னார்.

"அவனுக்கு மூத்தவன் கழுகுமலை ரோட்டுல இருக்கான்லா? அண்ணனுக்கு வைக்காம தம்பிக்கு வச்சிட்டு வந்தா, நம்ம வீட்டப் பத்தி என்ன பேசுவாவ? கொண்டாங்க அத."

தாளை வாங்கிக்கொண்டாள். அவர் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். மிஷின் மேல் தாளை விரித்து, நாங்கள் வைத்த பத்திரிகையை ஓரமாக நகர்த்திவிட்டு, பதினெட்டு வீட்டுக்கும் புது நம்பர் போட்டாள். வராமல் இருக்கப்போகிற கல்யாணத்துக்கு! மூத்தவர், இளையவர், பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்று அவளுக்குள் ஒரு ஊர் இருந்தது. அதில் தெரு கிடையாது, தண்டவாளம் கிடையாது. அதன்படி அன்று முழுக்கப் போனோம். ஒரே தெருவுக்கு நாலு தடவை. மாமா சொன்ன கண்மாய்க்கரையில் இரண்டு தடவை. பக்கத்து வீட்டைத் தாண்டி ஊர் எல்லைக்குப் போய், திரும்பி வந்து, தாண்டிய வீட்டின் கதவைத் தட்டினோம். அந்த வீட்டுக்காரர்கள் நாங்கள் கடந்து போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குப் புரிந்திருந்தது.

"இது லாரியா இருந்தா டிரைவர் வேலைய விட்டுட்டுப் போயிருப்பான்," என்றார் கணவர்.

இப்போது என் கைபேசி எந்த ஊரிலும் மூடிய ரோட்டைச் சுற்றிக் குறுக்கு வழி காட்டுகிறது. எத்தனை நிமிஷம் மிச்சம் என்று சொல்கிறது. அந்த வழியில் யார் மூத்தவர் என்று அதற்குத் தெரியாது. தெரியாதது அதன் குற்றமில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை ஒரு தாளுக்காக ஒதுக்கி வைத்தேனே, அதுதான் இத்தனை வருஷம் கழித்தும் நடுநடுவே வந்து குத்துகிறது. ஊரை விட்டுப் போகிறவர்கள் முதலில் எதைத் தொலைக்கிறார்கள் என்று யோசிப்பேன். பேச்சைத் தொலைப்பதில்லை. சாப்பாட்டையும் தொலைப்பதில்லை. ஒரு வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்பதைத்தான் தொலைக்கிறோமோ என்னவோ.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மா ஒன்றே ஒன்றைக் கேட்டாள். "கையில வாங்குனாளா?"

"மிஷின் மேல வைக்கச் சொன்னா."

அடுத்த நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், அம்மா உடுத்தின சேலையோடு வாசலில் நின்றாள். "வா, ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

"ஆட்டோ சொல்லட்டா?"

"எதுக்கு?"

மூடிய ரோட்டில் நேராக நடந்தாள். வத்தலைச் சுற்றிக்கொண்டு, டீக்கடை பெஞ்சைச் சுற்றிக்கொண்டு. பள்ளத்தின் ஓரத்தில் வேலைக்காரர்கள் போட்ட பலகை ஒன்று கிடந்தது. ஒற்றைப் பலகை. கீழே தண்ணீர் ஊறிக் கறுப்பாக இருந்தது. அங்கே நின்றிருந்த ஒருவர், "எம்மா, இங்கன எல்லாம் வரக் கூடாது," என்றார்.

"இருக்கவா வாரேன் அண்ணாச்சி? தாண்டிப் போறேன்."

செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பலகை அம்மாவுக்குக் கீழே வளைந்தது. நடுவில் ஒரு கணம் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கடந்தாள். மறு கரையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டினாள். நான் செருப்பும் கையுமாகப் பின்னால் ஓடினேன். அத்தை வீட்டு வாசலில் போய் நின்றபோது பதினைந்து நிமிஷம் ஆகியிருக்காது.

அன்று அந்தத் தெருவுக்குத் தண்ணீர் விட்ட நாள். வாரம் ஒரு நாள் வரும், எத்தனை மணிக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அத்தை வீங்கின முட்டியோடு குழாய்க்கும் முற்றத்துத் தொட்டிக்கும் நடந்துகொண்டிருந்தாள். மாமா ஹோஸைப் பிடித்துக்கொண்டு அது எங்கே ஒழுகுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா நேராகப் போய் அத்தை இடுப்பிலிருந்த குடத்தை வாங்கினாள். அத்தை விட்டுவிட்டாள். நானும் ஒரு குடத்தை எடுத்தேன்.

"முட்டி எப்படி இருக்கு மதினி?"

"இருக்கு. வேற எங்க போகும், என் கூடத்தான் இருக்கு. நீ எப்படி வந்த?"

"நடந்துதாம்."

"பள்ளத்துல எறங்கியா?"

"பலகை போட்டிருக்கான்லா."

"விழுந்து கால ஒடிச்சிருந்தா? பிள்ளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு."

"ஒடிஞ்சா நீங்க பாத்துக்கிட மாட்டியளா?"

தொட்டி நிறைந்தது. பிறகு அண்டா, பிறகு இரண்டு வாளி, பிறகு அத்தை தேடிப்பிடித்துக் கொண்டுவந்த ஒரு பழைய பால் சட்டி. பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியும், உப்பு விலையைப் பற்றியும், குளத்தூரில் கட்டிக்கொடுத்த அத்தை மகளின் மாமியாரைப் பற்றியும். தையல் மிஷின் மேல் முந்தின நாள் வைத்த இடத்திலேயே பத்திரிகை இருந்தது. வாழைப்பழம் வெயிலுக்குக் கறுத்துப்போயிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அத்தை, அம்மா பார்ப்பதைப் பார்த்தாள். கல்யாணம் என்ற சொல்லை அம்மா ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

கிளம்பும்போது, "எத்தனை மணிக்கு?" என்றாள் அத்தை.

"ஏழுக்குள்ள நட்டுரணும்."

"பாக்கலாம்."

திரும்பி வரும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் பாக்கலாம் என்கிறாளே என்று பொருமினேன். அம்மா பலகையில் கால் வைப்பதற்கு முன் நின்றாள்.

"வருவா."

"எப்படிச் சொல்லுத?"

"கொடத்த வாங்க விட்டால்லா. மனசுல வச்சிருக்கவ வீட்டுல ஒரு துரும்பத் தொட விடமாட்டா."

அம்மா சொன்னால் நம்பலாம். ஆனால் வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு வந்தவர்கள் எல்லோரும் மணி பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த நம்பிக்கை எனக்குக் கைகொடுக்கவில்லை. குழி தோண்டியாகிவிட்டது. கம்பும் மாவிலையும் நவதானிய முடிச்சும் தயார். சித்தி மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். "நேரம் ஆகுதுக்கா, ஆரம்பிப்பமா?" அம்மா, கேட்காதவள் போலக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை என் முழங்கையைப் பிடித்திருந்தாள், இறுக்கி. ஆறே முக்கால். சித்தி கிண்ணத்தைக் கீழே வைக்கவும் இல்லை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

தெருமுனையில் ஆட்டோச் சத்தம். மாமாவின் குரல் முதலில் வந்தது, ஆட்டோக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டு. அத்தை ஒரு கையை முட்டியில் ஊன்றி இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து சித்தி கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியாவா கரைக்கிறது?" என்றாள். சித்தி ஓடிப்போய் மஞ்சள்தூள் கொண்டுவந்தாள். அத்தை குழைத்தாள். கம்பின் அடியிலிருந்து மேல் வரை, ஒரு இடம் விடாமல், அவசரமே இல்லாமல் பூசினாள். பொட்டு வைத்தாள். மாவிலையையும் முடிச்சையும் கட்டினாள்.

கம்பைக் குழியில் இறக்கியபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். மஞ்சள் ஈரம் உள்ளங்கையில் வழுக்கியது. அத்தை குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள், நிமிர்ந்து கம்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, நேராப் பிடி. சாயுது."